கோடு இல்லாத ஏழு

அம்மாவாசை பயந்தவர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பாதியில் அவரை வீரர் என்று யாராவது நினைத்துவிடுவீர்கள், அவருக்கும் அது சங்கடம்.

புதுச்சேரி நெல்லித்தோப்பில் அவர் குடியிருக்கும் சந்துக்கு இரண்டு வழி. ஒரு வழியில் முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு நாய் அவரைப் பார்த்துக் குரைத்தது. அந்த நாய் செத்து, அதன் பேரன் பேத்திகளும் செத்து, அது படுத்திருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. அம்மாவாசை இன்னும் மற்ற வழியாகத்தான் போகிறார். மின்சாரக் கட்டணத்தை ஒரு நாள் தாமதமாகக் கட்டிவிட்டு வந்து, வீட்டு மீட்டரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார் என்று அவர் மனைவி கமலா சொல்வாள். கமலா பொய் சொல்ல மாட்டாள், கொஞ்சம் நீட்டிச் சொல்வாள்.

இப்படிப்பட்ட மனிதர் செய்த தொழில், படகுகளில் எண் எழுதுவது.

கடைப் பெயர்ப் பலகை, கட்சிச் சுவர், பள்ளிக்கூடத்து வாசகம் என்று எல்லாவற்றையும் ஒரு காலத்தில் எழுதியவர்தான். அதையெல்லாம் ஃப்ளெக்ஸ் கொண்டுபோய்விட்டது. படகை மட்டும் அதனால் தொட முடியவில்லை. உப்புக் காற்று ஸ்டிக்கரை ஒரே வாரத்தில் அப்பளம் மாதிரி உரித்துப் போட்டுவிடும். அதனால் உப்பளம் என்ற பகுதிக்குக் கிழக்கே, பழைய துறைமுகத்தை ஒட்டி இருக்கும் குப்பத்துக்காரர்கள் படகு எண் எழுத அவரைத்தான் கூப்பிடுவார்கள். எண்பது ஃபைபர் படகுகள் அங்கே. எண்பதிலும் அவர் கையெழுத்து.

படகு எண் என்றால் ஏதோ ஸ்கூட்டர் நம்பர் மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். கடலில் எவனுக்கும் பட்டா கிடையாது. வேலி கிடையாது, எல்லைக்கல் கிடையாது. மீன் குறைந்துகொண்டே வருகிறது, படகு கூடிக்கொண்டே போகிறது என்று, இனிமேல் அந்தக் குப்பத்துக்குப் புது எண் கொடுப்பதையே அரசாங்கம் நிறுத்திவிட்டது. இருக்கிற எண் அப்பாவிடமிருந்து மகனுக்கு வரலாம், அண்ணனிடமிருந்து தம்பிக்கு வரலாம். படகு உடைந்தால் அதே எண்ணைப் புதுப் படகில் எழுதிக்கொள்ளலாம். எண் போனால் கடல் போயிற்று. கரையில் உட்கார்ந்து அடுத்தவன் வலையைத் தைக்க வேண்டியதுதான். நிலத்துக்காரன் வீட்டில் பத்திரம் பெட்டிக்குள் இருக்கும். மீனவனுக்கு அவன் பத்திரம் படகின் மூக்கில், ஒரு முழ உயரத்தில், வெள்ளைப் பெயிண்டில் இருக்கிறது. அதை எழுதியது அம்மாவாசை.

அவருடைய எழுத்தில் ஒரு விசேஷம் உண்டு. அவர் அப்பா இங்கே பஞ்சாலையில் வேலை பார்த்தவர். துணி மூட்டைகளின் மேல் மையால் எண் போடுவதுதான் அவர் வேலை. எழுதச் சொல்லிக்கொடுத்தவன் ஒரு பிரெஞ்சு மேஸ்திரி. அவன் ஊர் வழக்கப்படி ஒன்று என்றால் வெறும் நேர்க்கோடு இல்லை. உச்சியிலிருந்து இடது பக்கம் காக்கை மூக்குப் போல ஒரு கோடு நீண்டு சரியும். பார்த்தால் நம்முடைய ஏழு மாதிரியே இருக்கும். அதனால் ஏழுக்கு இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு போட்டுவிடுவார்கள். கோடு இருந்தால் ஏழு, இல்லாவிட்டால் ஒன்று. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கும் சொல்தா வீடுகளில் போய்ப் பழைய காகிதங்களைப் பாருங்கள், எல்லா ஏழும் ஒட்டியாணம் கட்டியிருக்கும்.

அப்பா சொல்லிக்கொடுத்த எண்ணை அம்மாவாசை மாற்றவே இல்லை. குப்பத்துக்காரர்களுக்கும் பழகிப்போனது. இருபது வருடத்தில் ஒரு தகராறு வந்ததில்லை.

தகராறு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது.

ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை மீன்பிடித் தடைக்காலம். அறுபத்தொரு நாள், மீன்கள் நிம்மதியாகக் குடும்பம் நடத்துவதற்காக அரசாங்கம் கொடுக்கும் விடுமுறை. அந்த நாட்களில் படகுகள் கரையில் கிடக்கும், அதிகாரிகள் வந்து சோதனை போடுவார்கள். வலைக்கண் அளவு சரியா, எஞ்சின் சரியா, எண் சரியா. அந்த வருடம் சோதனைக்கு வந்தவர் அன்பழகன் என்ற புது மீன்வளத் துறை அதிகாரி. மேற்குப் பக்கம் எங்கோ மலையடிவாரத்து ஊர். கடலை அதற்கு முன் காலண்டரில் பார்த்திருப்பார்.

427 என்ற எண்ணுள்ள படகின் முன்னால் அவர் நின்றார். அது மதிவாணன் படகு.

"இந்த நம்பரை அடிச்சது யாருய்யா?"

அம்மாவாசை பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னாலிருந்து எழுந்தார். "அடிக்கலைங்க சார். எழுதுனேன்."

"குறுக்கால கோடு போட்டிருக்கு பாரு. கோடு போட்டு அடிச்சா ரத்துன்னு அர்த்தம். ரத்தான படகு எப்படிக் கடலுக்குப் போவுது?"

"ரத்து" என்ற சொல் காற்றில் பரவிய வேகத்தைச் சொல்லி மாளாது. வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் ஊசியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். இரண்டு நிமிடத்தில் நூறு பேர். மதிவாணனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"சார், எங்கப்பா உட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான் சார். வீடு கூட வாடகை. இத ரத்துன்னு சொன்னா நான் எங்க போவேன்?"

"நான் சொல்லலைய்யா, நம்பர் சொல்லுது."

"யோவ் பெயிண்டரு!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். "எங்க பொழப்பு மேல கோடு போட்டியாய்யா?"

நூறு பேரும் அம்மாவாசையைப் பார்த்தார்கள். கிடாவை வெட்டுவதற்கு முன் பார்ப்பார்களே, அப்படி என்று அவர் பிற்பாடு கமலாவிடம் சொன்னார். பஞ்சாலை, மேஸ்திரி, அப்பா என்று வாயில் வந்ததெல்லாம் வரிசையில்லாமல் வந்தது. அன்பழகன் பாதியில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அதெல்லாம் தெரியாது. ஏழுல கோடு இருக்கக் கூடாது. தடைக்காலம் முடியறதுக்குள்ள எல்லாப் படகுலயும் அழிச்சிரு."

அம்மாவாசை அன்றைக்கே ஆரம்பித்தார். ஒரு வாரத்தில் எல்லா ஏழுகளின் இடுப்புக் கோட்டையும் மறைத்து முடித்தார். படகுகளுக்கெல்லாம் ஒரே நிறம்தான் இருக்க வேண்டும், அப்போதுதான் எந்த ஊர்ப் படகு என்று தூரத்திலிருந்தே தெரியும் என்று உத்தரவு வந்திருந்தது. அதனால் எண்பதும் ஒரே நிறம். கோட்டை மறைப்பதற்கு ஒரே டப்பா போதுமானதாக இருந்தது.

கடைசி நாள், 421-க்கு முன்னால் நின்றபோதுதான் அவருக்கு உறைத்தது. அது இராமதாஸ் படகு. அதிலுள்ள ஒன்று, மூக்கோடு அப்படியே இருந்தது. பக்கத்தில் 427. அதன் ஏழு இப்போது கோடில்லாமல் இருந்தது. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. நல்லாப் பார்த்தால் ஒன்றின் மூக்கு கீழே சரியும், ஏழின் தலை மட்டமாக இருக்கும். ஒரு விரல் வித்தியாசம். எழுதிய கைக்கு மட்டுமே தெரியும்.

ஒன்றையும் மாற்றியிருக்கலாம். மூக்கை வெட்டிவிட்டால் போதும், கால் மணி நேர வேலை. ஆனால் எண்பது படகில் எத்தனை ஒன்று! போய்க் கேட்டால், "இத்தனை நாள் ஏன் சொல்லல?" என்று அந்த அதிகாரி கேட்பார். மறுபடி நூறு பேர் கூடுவார்கள். ஏழைப் பற்றித்தானே சொன்னார், ஒன்றைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லவில்லையே. அம்மாவாசை பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் கழுவினார், வீட்டுக்குப் போனார். பயந்தவர்கள் இப்படித்தான், சின்னப் பயத்திலிருந்து தப்பிக்கப் பெரிய பயத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருவார்கள்.

நவம்பர் மாதம் அது வந்தது.

முதல் நாள் ராத்திரி வானொலியில் சாதாரணக் காற்று என்றுதான் சொன்னார்கள். விடியலில் ஐம்பது படகுகளுக்கு மேல் கிளம்பிப் போயின. ஒன்பது மணிக்குத் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏறியது. எல்லாரும் திரும்பி வாருங்கள் என்று கம்பியில்லாக் கருவியிலும் போனிலும் கூப்பிட்டார்கள். கரையில் அலை ஆளுயரத்துக்கு எழும்பியதால், வந்த படகுகளில் பாதி குப்பத்து மணலில் ஏறின, மீதி தெற்கே முகத்துவாரத்துக்குள் இருக்கும் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போயின. இந்தப் பக்கம் காணாதவன் அந்தப் பக்கம் இருப்பான் என்று இரண்டு பக்கமும் நினைத்துக்கொண்டது.

யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்க்க அதிகாரி ஒரு வழி வைத்திருந்தார். ஒவ்வொரு படகின் மூக்கையும் போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஆபீஸில் உட்கார்ந்து பட்டியலில் எண்ணை டிக் அடிப்பார்கள். துறைமுகத்திலிருந்து ஒரு படம் வந்தது. 427 என்று படித்தார்கள், டிக் அடித்தார்கள். பிறகு 421 வரவில்லையே என்று இராமதாஸுக்குப் போன் போட்டார்கள். அவன், "நான் வூட்டுல டீ குடிச்சினு இருக்கேன் சார், படகு ஆர்பர்ல கட்டியிருக்கு" என்றான். அதற்கும் டிக். மற்ற இடங்களில் ஒன்றை ஏழு என்று படித்தாலும் அப்படி ஓர் எண்ணே பட்டியலில் இல்லாததால் தவறு தெரிந்துவிட்டது. இரண்டு எண்ணும் உண்மையாகவே இருந்தது இந்த ஓர் இடத்தில்தான்.

பன்னிரண்டு மணிக்குப் பட்டியல் நிறைந்தது. எல்லாப் படகும் கரையில் என்று மேலே தகவல் போனது. தேடுவதற்காகக் கிழக்கே போயிருந்த ரோந்துக் கப்பலைத் திரும்பச் சொன்னார்கள்.

மதிவாணன் வரவில்லை. அவனும், அவன் தம்பி செம்மலும், கூலிக்கு வந்த ஒருவனும், மூன்று பேரும் வரவில்லை.

மதிவாணன் மனைவி தையல்நாயகி ஒரு மணிக்கு ஆபீஸுக்குப் போன் போட்டாள். எடுத்தவர் பட்டியலைப் பார்த்தார்.

"உங்க படகு வந்துட்டுதேம்மா. போட்டோவே இருக்குது."

"படகு வந்தா ஆளு எங்க சார்? போன் போனா எல்லைக்கு வெளியேன்னு சொல்லுது."

"இந்தக் குளிருக்கு எங்கனா கடையில உக்காந்திருப்பார்மா. போய்ப் பாரு."

"குடிக்க மாட்டேன்னு கோயில்ல கயிறு கட்டி நாப்பது நாளாவுது சார்."

"கயிறுதானேம்மா. சங்கிலியா?"

அப்புறம் என்ன செய்வாள்? புதுச்சேரியில் ஓர் ஆணைக் கடையில் தேடுவது என்றால் அதற்கு ஓர் ஆயுள் வேண்டும். போன வருடம் அவன் இரண்டு நாள் காணாமல் போய், சாராயக் கடைப் பின்புறம் தூங்கிக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். ஆகவே குப்பத்தில் யாரும் பதறவில்லை. "வருவான் போ" என்றார்கள். போட்டோவைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு, மழைக்கு ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, தையல்நாயகி உப்பளத்துக் கடைகளாகத் தேடிப் புறப்பட்டாள்.

அம்மாவாசை அப்போது உப்பளம் சாலையில் ஒரு டீக்கடைத் தகரத்துக்குக் கீழே ஒதுங்கி நின்றார். காற்று தகரத்தைத் தூக்கித் தூக்கி அடித்தது. ஒவ்வோர் அடிக்கும் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அண்ணே!" தையல்நாயகி சாலையைக் கடந்து ஓடி வந்தாள். முகமெல்லாம் மழை. "அண்ணே, இது நீ எழுதுனதுதான? பாரு. எங்க படகுதான இது?"

போன் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. அவள் முந்தானையால் துடைத்துக் காட்டினாள். எண் மட்டும்தான் தெரிந்தது. நான்கு, இரண்டு, அப்புறம் அது.

மூக்கு கீழே சரிந்திருந்தது.

அம்மாவாசைக்குக் கண்டதும் தெரிந்துவிட்டது. இது இராமதாஸ் படகு. அப்படியானால் மதிவாணன் படகு எங்கே? கரையில் இல்லை. யாரும் தேடவும் இல்லை. சொன்னால் என்ன ஆகும் என்பது ஒரு நொடியில் முழுசாக ஓடியது. நூறு பேர், வெள்ளைச் சட்டை, போலீஸ், செய்தித்தாளில் அவர் போட்டோ.

"அப்பிடித்தாம்மா தெரியுது" என்றார்.

"எங்க படகுதான?"

"நா எழுதுனதுதாம்மா."

பாருங்கள், பொய்கூடச் சொல்லவில்லை. அவ்வளவு பயம்.

தையல்நாயகிக்கு மூச்சு வந்தது. "அப்ப ஏதோ ஒரு கடையில கீறான். வரட்டும், அந்தக் கயித்தாலயே கட்டிப் போடறேன்" என்று சொல்லிச் சிரிக்கக்கூட முயன்றாள். எதிரே இருந்த ஒயின் ஷாப்பை நோக்கிப் போனாள்.

அம்மாவாசையின் கால்கள் வீட்டுப் பக்கம் திரும்பின. நாலடி வைத்தார். எப்படியோ ஐந்தாவது அடி அவள் பின்னால் போனது.

அவள் கடை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். உள்ளே முப்பது நாற்பது ஆண்கள், மழைக்கு வசதியாக உட்கார்ந்திருந்தார்கள். பெண் ஒருத்தி வந்து நின்றதும் பேச்சு அடங்கியது.

"மதிவாணன்னு, வலது கையில கயிறு கட்டியிருப்பாரு. பார்த்தீங்களா?"

"இங்க எல்லாரும் கயிறு கட்டுனவங்கதாம்மா" என்றான் ஒருவன். சிரிப்பு வெடித்தது.

"உங்க புருசன் வரலன்னா பரவால்லமா, நான் வர்றேன்" என்றான் இன்னொருவன்.

தையல்நாயகி வாசலை விட்டு நகர்ந்தாள். சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டு அடுத்த கடைக்கு நடந்தாள். அங்கேயும் அதே கேள்வி. மூன்றாவது கடையில் கேட்கும்போது அவள் குரல் பாதியாகிவிட்டது. மதிவாணன் என்ற பெயரை ஒவ்வொரு கடையிலும் ஏலம் போடுவது மாதிரி இருந்தது. சாலை ஓரத்தில் நின்று அம்மாவாசை கேட்டுக்கொண்டிருந்தார். காற்று கிழக்கிலிருந்து வந்தது. அந்தக் காற்று வருகிற இடத்தில்தான் அந்த மூன்று பேரும் இருக்கிறார்கள், இவள் இங்கே தேடுகிறாள். இப்படியே ஊரின் மறுபக்கம் இருக்கும் சாரம் வரைக்கும் கடை கடையாகப் போவாள். பொழுது சாய்ந்துவிடும்.

"தையலு!"

அவர் கத்திய சத்தத்தில் அவரே திடுக்கிட்டார். அவள் திரும்பினாள்.

"அது உங்க படகு இல்லம்மா."

"இன்னா சொல்ற?"

"அது ஒண்ணு. ஏழு இல்ல. இராமதாஸ் படகும்மா அது. ஏழுல இருந்த கோட்ட நான்தான் அழிச்சேன், ஒண்ண மாத்தல. உம் புருசன் கரைக்கே வரலம்மா. கடல்ல கீறான்."

அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டார். அடி விழவில்லை. அவள் கை அவர் சட்டையின் கழுத்துப் பட்டையைப் பிடித்தது. பிடித்த பிடியில் மேல் பொத்தான் தெறித்துத் தண்ணீரில் விழுந்தது. "ஆட்டோ! ஆட்டோ!" என்று அவள் கத்தினாள். ஆட்டோவிலும் பிடியை விடவில்லை. அதன்பின் சாயங்காலம் வரை விடவே இல்லை என்பதுதான் இதில் அதிசயம். ஆபீஸ் படிக்கட்டில், நாற்காலியில், பிறகு துறைமுகத்துச் சுவர்மேல், எங்கேயும். கைதிக்கு விலங்கு போட்ட மாதிரி இருந்தது என்பார் அம்மாவாசை. அவர் அங்கே நின்றதற்கு அந்தப் பிடிதான் காரணம் என்பாள் கமலா.

ஆபீஸில் அன்பழகன் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். இருவரையும் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"அம்மா, அதான் சொல்லியாச்சே..."

"சார்" என்றார் அம்மாவாசை. அதற்கு மேல் வரவில்லை. தையல்நாயகி கழுத்துப் பட்டையை ஓர் உலுக்கு உலுக்கினாள். "சொல்லு!"

அம்மாவாசை மேஜையிலிருந்த பேனாவை எடுத்தார். அதிகாரியின் முன்னாலிருந்த காகிதத்தின் ஓரத்தில், நடுங்கும் கையால் இரண்டு எண்களை எழுதினார். எழுத ஆரம்பித்ததும் கை நடுக்கம் நின்றுவிட்டது. தொழில் பழக்கம்.

"சார், இதுல எது ஒண்ணு, எது ஏழு?"

அன்பழகன் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ரெண்டும் ஏழுதானே?"

"ரெண்டும் ஏழு இல்ல சார். ஒரு படகைத்தான் நீங்க ரெண்டு தடவ டிக் அடிச்சிருக்கீங்க."

அன்பழகன் இராமதாஸுக்குப் போன் போட்டார். "உன் படகு எங்க கட்டியிருக்க? பக்கத்துல மதிவாணன் படகு இருக்கா?" பதில் கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. போனை வைத்தார். பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் பத்திரம் என்று தன் கையெழுத்தைப் போட்டு மேலே அனுப்பியவர் அவர். இப்போது அது பொய் என்று அவரே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். எண்ணை அழுத்தப்போன விரல் பொத்தான்மேல் நின்றது. அம்மாவாசை அதைப் பார்த்தார். வெள்ளைச் சட்டைக்குள்ளும் அதே நடுக்கம் இருப்பதைப் பார்க்க அவருக்கு ஆறுதலாக இல்லை, கூடுதல் பயமாகத்தான் இருந்தது. இவரும் நம்மைப் போல ஆள் என்றால், யார்தான் போன் போடுவார்கள்?

"போடுங்க சார்" என்றாள் தையல்நாயகி. மெதுவாகத்தான் சொன்னாள்.

அவர் போட்டார்.

கப்பல் மறுபடி கிழக்கே போயிற்று என்ற செய்தி வந்தபோது மணி மூன்றே முக்கால். முகத்துவாரத் துறைமுகத்தின் சுவரில் குப்பமே வந்து நின்றுவிட்டது. விஷயம் எப்படிப் பரவியது என்று யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அம்மாவாசையைச் சுற்றி ஓர் ஆள் நீளத்துக்கு இடம் காலியாக இருந்தது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அலை சுவரில் மோதி உடைந்து எல்லார் மேலும் விழுந்தது. இராமதாஸ் மட்டும் கிட்டே வந்தான்.

"வர்றாங்கன்னா நீ பொழச்ச" என்றான். வராவிட்டால் என்ன என்று சொல்லவில்லை.

கமலா போன் செய்தாள். "மழையில எங்க கீற? ஊட்டுக்கு வா."

"வர முடியாது கமலா. ஒருத்தர் கிட்ட உண்மையச் சொல்லிட்டேன்."

"அய்யய்யோ! எதுக்கு?"

அவர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஐந்து மணிக்குச் செய்தி வந்தது. ஒரு படகைப் பார்த்திருக்கிறார்கள், எஞ்சின் நின்றுபோய், பாதி தண்ணீரோடு. எத்தனை பேர் என்று சொல்லவில்லை. தையல்நாயகி எத்தனை பேர் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். தெரியாது என்று சொன்னவனிடமே மறுபடியும் கேட்டாள். அம்மாவாசையிடமும் கேட்டாள். அவர் கழுத்தில் அவள் முஷ்டி அழுந்தியது, அந்த முஷ்டியில் நாடி துடிப்பது அவருக்குத் தெரிந்தது.

வெளிச்சம் மங்கும்போது கப்பல் வந்தது. உள்ளே வர முடியாமல் வெளியே நின்றது. இரண்டு பெரிய விசைப்படகுகள் போய் ஆட்களை வாங்கி வந்தன. முதலில் செம்மல் இறங்கினான், உதடு நீலமாக. அடுத்து கூலிக்காரன். அப்புறம் சிறிது நேரம் யாரும் இறங்கவில்லை. அந்தச் சிறிது நேரத்தில் அம்மாவாசை வேண்டிக்கொண்ட தெய்வங்களின் பட்டியலில் மாதா கோயில், பள்ளிவாசல் உட்பட ஒன்றும் விட்டுப்போகவில்லை.

மூன்றாவதாக மதிவாணனைத் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள்.

கழுத்துப் பட்டையிலிருந்த கை விலகியது. தையல்நாயகி ஓடினாள். அம்மாவாசை தனியாக நின்றார். ஓடிவிடலாம். சாலை பின்னால்தான் இருந்தது, யாரும் அவரைப் பார்க்கவில்லை. கால் வரவில்லை.

போர்வை சுற்றிய மதிவாணன், மனைவி தோளில் ஒரு கை போட்டபடி சுவர் ஓரமாக வந்தான். பல் கிட்டித்துப் பேச்சு உடைந்து உடைந்து வந்தது.

"கப்பல் ஒண்ணு வந்துச்சு. மத்தியானம். பாத்தோம். சட்டையக் கழட்டி ஆட்டுனோம். நேரா வந்துது. அப்பறம் திரும்பிப் போயிடுச்சு. ஏன் திரும்புச்சு? யாராவது சொல்லுங்க. எங்களப் பாத்தும் ஏன் திரும்புச்சு?"

அன்பழகன் அங்கேதான் நின்றார். தரையைப் பார்த்தார். இராமதாஸ் கடலைப் பார்த்தான். "வா, சூடா ஏதாவது குடி" என்று யாரோ சொன்னார்கள். மதிவாணன் நகரவில்லை. கேள்வியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கப்பல் திரும்பிய பிறகு தண்ணீரில் காத்திருந்த அந்த ஐந்து மணி நேரமும் அவன் கண்ணில் அப்படியே இருந்தது.

"என்னாலதான்பா" என்றார் அம்மாவாசை.

குரல் அவருக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார். "என்னாலதான். உன் ஏழையும் இராமதாஸ் ஒண்ணையும் ஒரே மாதிரி ஆக்கிட்டேன். அன்னிக்கே எனக்குத் தெரியும். சொல்லல."

மதிவாணன் அவரை உற்றுப் பார்த்தான். போர்வைக்குள்ளிருந்து கை எழும்பியது. உப்பில் ஊறி வெள்ளைவெளேரென்று சுருங்கிப்போன கை. அடிக்கத் தூக்கினானா, பிடித்துக்கொள்ளத் தூக்கினானா என்று இன்றுவரை அம்மாவாசைக்குத் தெரியாது. மதிவாணனும் சொன்னதில்லை. தூக்கிய கையை நிறுத்த அவனுக்குத் தெம்பில்லை. அது அம்மாவாசையின் தோளில் தொப்பென்று விழுந்தது. பின்னாலேயே ஆள் முழுசாகச் சாய்ந்தான்.

அம்மாவாசை ஒல்லி. ஆனாலும் தாங்கினார். ஒரு பக்கம் தையல்நாயகி, மறுபக்கம் அவர். ஆம்புலன்ஸ் நின்ற இடம் வரைக்கும் நூறடி இருக்கும். அந்த நூறடியும் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டேதான் நடந்தார்கள். யார் நடுக்கம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.